மோட்டார் வண்டியிற் பிறக்கும் மின்பொறி

தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு வரும் வீதி 25 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. ஒரு புறம் பனங்கூடல். மறு புறம் மணல்வெளி. எப்பக்கம் திரும்பினும் கடல் தொலைவில் இல்லை. இவ்வீதியிலே வாடகைக் கார் ஓட்டியோர் நெடுங்காலமாக அறிந்த புதிர் ஒன்றுண்டு. முதல்நாள் நண்பகலிற் குறையொன்றுமின்றி ஓடிய கார், மறுநாள் விடியற்காலையில் உயிர்பெற மறுத்துவிடும். பெற்றோல் இருக்கிறது, பற்றறி நன்றாயிருக்கிறது, ஸ்ராட்டரும் எஞ்சினைச் சுழற்றுகிறது. ஆயினும் எஞ்சின் பற்றவில்லை. வெயில் ஏறி எட்டு மணியானதும் அதே கார், யாதும் நிகழாதது போல, முதற் சுழற்சியிலேயே இயங்கத் தொடங்கும்.

வெயில் ஏறும்வரை காத்திருக்கலாமே என்று எளிதிற் சொல்லிவிடலாம். ஆனால் விடியற்காலையிற் காரைத் தேடி வருபவர் உல்லாசப் பயணி அல்லர். பேசாலையிலோ தலைமன்னாரிலோ பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்காக, அல்லது இரவு முழுவதும் சுரத்தில் வாடிய குழந்தைக்காக வந்து கதவைத் தட்டுபவர் அவர். ஊருக்கு ஒரு காரோ இரண்டு காரோ இருந்த காலத்தில், அந்தக் காரின் எஞ்சினுக்குள் ஒரு சிறு பொறி பிறப்பதும் பிறவாமையும் சிறிய சங்கதி அன்று.

அந்தப் பொறி எங்கிருந்து வருகின்றது? காரிலுள்ள பற்றறியின் அழுத்தம் 12 வோல்ற்றே. அதன் இரு முனைகளையும் ஈரக்கையாற் தொட்டாலும் பொதுவாக ஒன்றும் தெரியாது. ஆனால் பிளக்கின் முனையிற் பொறி பாய்வதற்குப் பல்லாயிரம் வோல்ற் தேவை. பன்னிரண்டைப் பல்லாயிரமாக்கும் வித்தையைச் செய்வது, எஞ்சினுக்கு அருகில் ஒரு பால்மாப் பேணியை ஒத்த வடிவத்திற் பொருத்தப்பட்டிருக்கும் கொயில் என்னும் தூண்டற் சுருள். சாரதிமார் அதனைக் ‘கொயில்’ என்றே அழைப்பதால் இங்கும் அச்சொல்லே வழங்கப்படுகின்றது.

இத்தனை உயர்ந்த அழுத்தம் எதற்கு என்பதை முதலில் நோக்குவோம். பெற்றோல் எஞ்சினின் உருளைக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து நுழைகின்றன. ஆடுதண்டு அக்கலவையை, பழைய கார்களாயின், ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகின்றது. அந்த நெருக்கத்தின் முடிவில், பிளக்கின் இரு முனைகளுக்கு இடையிலே பொறி பாய வேண்டும். அம்முனைகளுக்கு இடைப்பட்ட வெளி அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. கட்டைவிரல் நகத்தின் தடிப்பைப் போன்றது என்று கொள்ளலாம். திறந்த வெளியில், ஒரு மில்லிமீற்றர் காற்றை ஊடறுக்க ஏறத்தாழ 3,000 முதல் 4,000 வோல்ற் போதும். ஆனால் நெருக்கப்பட்ட காற்று மின்னுக்கு எளிதில் வழிவிடாது. ஆகவே உருளைக்குள் 6,000 முதல் 10,000 வோல்ற் வரை வேண்டியிருக்கும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் அதற்கு மேலும் வேண்டும்.

கொயிலின் பேணியை வெட்டிப் பார்த்தால் நடுவில் மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய கட்டொன்று இருக்கும். அதனைச் சுற்றி, தலைமயிரினும் சற்றே தடித்த செப்புக்கம்பி ஏறத்தாழ 20,000 சுற்றுகளாக, படைக்குப் படை மெழுகுத்தாள் இட்டுச் சுற்றப்பட்டிருக்கும். இக்கம்பியைப் பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீற்றரைத் தாண்டும். இது துணைச்சுருள். அதற்கு வெளியே, தடித்த கம்பி 250 சுற்று அளவில் இருக்கும். இது முதற்சுருள். மின்னோட்டம் மிகுதியாகப் பாய்ந்து சூடாவது முதற்சுருளே. அது புறத்தே இருந்தாற்றான் சூடு பேணியின் வழியாக வெளியேறும். எஞ்சிய இடத்தை எண்ணெய் நிரப்பியிருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். சாவியைத் திருகியதும் பற்றறியிலிருந்து மின்னோட்டம் முதற்சுருளிற் பாய்கின்றது, இரும்புக்கட்டு காந்தமாகின்றது. இரும்பைச் சூழ்ந்த காந்தப்புலத்துக்குள்ளேயே துணைச்சுருளும் இருக்கின்றது. முதற்சுருளில் 250 சுற்று, துணைச்சுருளில் 20,000 சுற்று. அதாவது ஒன்றுக்கு எண்பது. ஆகவே 12 வோல்ற் எண்பது மடங்காகப் பெருகிவிடுகின்றது என்றுதான் பலர் எண்ணுகின்றனர். பாடசாலைப் புத்தகத்திலே நிலைமாற்றியைப் படித்த மாணவரும் அவ்வாறே விடையெழுதுவர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்விடையின் குறை விளங்கும். பன்னிரண்டை எண்பதாற் பெருக்கினால் 960. ஆயிரம் வோல்ற்கூட இல்லை. இதைக்கொண்டு நெருக்கப்பட்ட காற்றை ஊடறுக்க இயலாது. அதுமட்டுமன்று, முதற்சுருளில் மின்னோட்டம் சீராகப் பாய்ந்துகொண்டிருக்கும்வரை, துணைச்சுருளில் அந்த 960 வோல்ற்றும் இல்லை, ஒன்றுமே இல்லை.

உண்மை யாதெனில், பொறி பிறப்பது மின்னோட்டம் பாயும்போது அன்று, அது வெட்டப்படும்போது. இதுவே கொயிலின் முழு இரகசியமுமாகும்.

இவ்வுண்மையை முதலிற் கண்டவர் மைக்கேல் பரடே. 1831 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 29 ஆம் நாள், இரும்பு வளையமொன்றின் இரு பக்கத்திலும் தனித்தனியே கம்பி சுற்றி, ஒன்றிலே மின்கலத்தையும் மற்றொன்றிலே காந்த ஊசியையும் தொடுத்துப் பார்த்தார். மின்கலத்தைத் தொடுத்த கணத்தில் ஊசி துள்ளியது. பின்பு அசையாமல் நின்றது. தொடுப்பை எடுத்த கணத்தில் எதிர்த்திசையிலே மீண்டும் துள்ளியது. இடையிலே எத்தனை நேரம் மின்னோட்டம் பாய்ந்தாலும் ஊசிக்கு அசைவில்லை. காந்தம் இருப்பதால் மின் பிறப்பதில்லை. காந்தம் மாறுவதால் மின் பிறக்கின்றது. மாற்றம் எவ்வளவு விரைவோ அவ்வளவு அழுத்தம் மிகும் என்பது இதனாற் புலனாயிற்று.

தொடுக்கும்போதும் வெட்டும்போதும் ஊசி துள்ளியதெனில், காரிலே வெட்டும் கணத்தை மட்டும் நம்புவது ஏன்? முதற்சுருளிலே மின்னோட்டம் சடுதியாக ஏறுவதில்லை. கட்டுக்கரைக் குளத்து வயலிலிருந்து நெல்மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளலாம். மாடுகள் எவ்வளவு முயன்றாலும் வண்டி மெல்ல மெல்லத்தான் ஓட்டம் பெறும். கொயிலிலும் மின்னோட்டம் நிறைவடைய ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஆறேழு பங்கு செல்லும். மெல்ல ஏறுவதால் துணைச்சுருளில் எழும் அழுத்தமும் சிறிது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் அதே வண்டியின் சில்லு ஒரு கல்லிலே மோதிச் சடுதியாக நின்றால்? மேலேயுள்ள மூட்டைகள் முன்னே பாய்ந்து விழும். வண்டி ஏறத்தாழ நூறு முழம் ஓடிச் சேர்த்த வேகம் முழுவதும் ஒரு கணத்தில் வெளிப்படுகின்றது. கொயிலில் அந்தக் கல்லின் வேலையைச் செய்வது ‘பொயின்ற்’ எனப்படும் தொடுகைமுனைச் சோடி.

டிஸ்ரிபியூட்டரின் நடுத்தண்டிலே நான்கு மூலையுள்ள ஒரு குமிழ் சுழல்கின்றது. ஒவ்வொரு மூலையும் பொயின்ற்றைத் தள்ளித் திறக்கின்றது. திறந்த மாத்திரத்தில் முதற்சுருளின் மின்னோட்டம் அறுகின்றது. இரும்பிற் சேர்ந்திருந்த காந்தம் சரிகின்றது. அச்சரிவின் வேகத்தால், முதற்சுருளிலேயே 12 வோல்ற் அன்று, ஏறத்தாழ 300 வோல்ற் எழுகின்றது. அதனை எண்பதாற் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 24,000. இப்போதுதான் கணக்கு ஒத்துவருகின்றது. ஆக, உயர்ந்த அழுத்தம் இரண்டு படியிலே கிடைக்கின்றது. முதற்படி வெட்டினால் வருவது. இரண்டாம் படி சுற்றுகளின் எண்ணிக்கையால் வருவது. முதற்படியை மறந்தவர் கொயிலை விளங்கிக்கொள்ளவில்லை எனலாம்.

இதிலே ஓர் இடர் உண்டு. ஓடும் மின்னோட்டம் வெட்டுக்கு எளிதிற் பணிவதில்லை. பொயின்ற் இம்மியளவு திறந்ததும் அந்தச் சிறு வெளியைத் தாண்டி அங்கேயே பொறியாகப் பாய்ந்துவிடும். அவ்வாறு பாய்ந்தால் மின்னோட்டம் சடுதியாக நிற்காது. தேய்ந்து தேய்ந்துதான் நிற்கும். காந்தமும் மெல்லச் சரியும். பிளக்கிலே பொறி நலிந்துவிடும். பொயின்ற்றும் கருகிக் குழிவிழும். இதைத் தடுக்கவே பொயின்ற்றுக்கு அருகில் சுண்டுவிரல் அளவான கண்டென்சர் ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது. பொயின்ற் திறக்கும் கணத்தில், போவதற்கு இடந்தேடும் மின்னை அது தன்னுள் ஏற்றுக்கொள்கின்றது. அது நிரம்புவதற்கு எடுக்கும் மிகச் சிறு பொழுதிலே பொயின்ற் போதிய அளவு அகன்றுவிடும். பின்பு மின் தாண்டமாட்டாது. வெட்டு துப்பரவாக முடிந்துவிடும்.

இந்தச் சிறு உறுப்பின் பெருமையை மோட்டார் வண்டி பிறக்கு முன்னரே உலகம் அறிந்திருந்தது. அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த குருவானவர் நிக்கலஸ் கலன் 1836 இலே முதலாவது தூண்டற் சுருளை ஆக்கினார். அவர் தம் மாணவர் மீதே அதன் அதிர்ச்சியைச் சோதித்துப் பார்த்தார் என்றும், அவர்களுள் ஒருவர் மயங்கி விழுந்தார் என்றும் சொல்வர். இக்காலத்து ஆசிரியர் எவரும் பின்பற்றத்தகாத கற்பித்தல் முறை அது. 1853 இலே பிரான்சைச் சேர்ந்த பீசோ, வெட்டும் இடத்திலே கண்டென்சரைத் தொடுத்தார், பொறி வலுப்பெற்றது. 1860 இல் லெனுவார் தமது வாயு எஞ்சினுக்குத் தூண்டற் சுருளின் பொறியையே பயன்படுத்தினார். எனினும் பற்றறி, கொயில், பொயின்ற், கண்டென்சர் என்னும் இந்நான்கையும் இன்று அறியப்படும் முறையில் இணைத்து மோட்டார் வண்டிக்குத் தந்தவர் அமெரிக்கரான சாள்ஸ் கெற்றறிங். 1910 ஆம் ஆண்டின் கடிலக் கார்களில் அம்முறை இடம்பெற்றது. அதன் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல், இலங்கையிற் பெருவழக்கிலிருந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் உட்பட, உலகின் பெரும்பாலான பெற்றோல் கார்கள் அவர் வகுத்த வழியிலேயே ஓடின.

பொறியின் வலுவைப் பற்றி இங்கு ஒரு சொல் கூறல் வேண்டும். 20,000 வோல்ற் என்றதும் பெருஞ்சக்தி என எண்ணத் தோன்றும். உண்மையில் ஒரு பொறியிலுள்ள சக்தி, ஐந்து கிராம் நிறையுள்ள ஒரு நாணயத்தை ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான அளவினது. அழுத்தம் பெரிது; ஆனால் பாயும் மின்னோட்டம் மிகச் சிறிது. கொயில் சக்தியைப் படைப்பதில்லை. பற்றறி மெல்லக் கொடுத்ததைச் சேர்த்து வைத்து விரைந்து கொடுக்கின்றது. நான்கு உருளை எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது நிமிடத்துக்கு 6,000 பொறி வேண்டும். அதாவது செக்கனுக்கு நூறு. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது செக்கனின் நூறில் ஒரு பங்கே. அதற்குள் பொயின்ற் மூடிக் கொயில் நிறைந்து, மீண்டும் திறந்து, பொறி பாய்ந்து முடிதல் வேண்டும். பொயின்ற்றின் இடைவெளி பிழையாயிருந்தால் கொயில் அரைகுறையாகவே நிறையும். மெல்ல ஓடும்போது குறை தெரியாது, வேகமெடுத்தால் எஞ்சின் இடறும்.

கார் நின்றதும் ‘கொயில் போய்விட்டது’ என்று முடிவுசெய்து புதியது வாங்குவோர் பலர். கொயில் எளிதிற் கெடுவதில்லை. டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, ஸ்ராட்டரைச் சுழற்றும்போது பொயின்ற்றிலே நீல நிறப் பெரும்பொறி தெறிக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். தெறித்தால் பிழை பெரும்பாலும் கண்டென்சரில் உள்ளது. அது கொயிலிலும் மிக மலிவானது. மாறாக, கார் அரை மணிநேரம் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடினால் கொயிலை ஐயுறலாம். உள்ளேயுள்ள காப்பு சூட்டிலே வெடித்திருக்கலாம். இன்னுமொரு பழக்கம் கொயிலைக் கொல்வது. எஞ்சினை நிறுத்திச் சாவியைத் திருகியபடியே விட்டு, காரிலிருந்து வானொலி கேட்பது. பொயின்ற் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், முதற்சுருளின் தடை 3 ஓம் எனக் கொண்டால் 4 அம்பியர் இடையறாது பாயும். ஒரு மின்குமிழ் அளவுக்கு, ஏறத்தாழ 48 வாற்று, சூடு அந்தப் பேணிக்குள் எழும். எண்ணெய் பொங்கிப் பேணி வெடித்ததும் உண்டு. வானொலி கேட்பது நன்றே. ஆனால் வீட்டிற் கேட்பது கொயிலுக்கு நன்று.

இனி விடியற்காலைப் புதிருக்குத் திரும்புவோம். வெட்டிய கணத்தில் 20,000 வோல்ற் சட்டென்று தோன்றிவிடுவதில்லை. மிக விரைவாக, ஆனால் படிப்படியாகவே ஏறுகின்றது. பிளக்கின் வெளி ஊடறுக்கப்படும் அளவை எட்டியதும் பொறி பாய்கின்றது. ஏறும் வழியிலே எங்கேனும் கசிவிருந்தால் அந்த அளவை எட்டவே மாட்டாது. கிணற்றிலே பனையோலைப் பட்டையால் நீர் மொள்பவர் இதனை நன்கறிவர். பட்டையில் ஓட்டை சிறிதானால் பாதி நீராவது மேலே வரும். பெரிதானால் கிணற்று விளிம்பை எட்டுமுன் பட்டை வெறுமையாகிவிடும். இறைப்பவர் கையிலே குறையில்லை, கிணற்றிலும் நீருண்டு.

மன்னார்த் தீவின் காற்றிலே அந்த ஓட்டை இருக்கின்றது. கடற்காற்று நுண்ணிய உப்புத்துகளைச் சுமந்து வந்து எல்லாவற்றின் மீதும் படிகின்றது. பிளக்கின் வெண்ணிறப் பீங்கான், டிஸ்ரிபியூட்டரின் மூடி, கொயிலின் கழுத்து, அவற்றை இணைக்கும் கம்பிகள் ஆகிய யாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புப்படை உருவாகின்றது. உலர்ந்த உப்பு மின்னைக் கடத்தாது. ஆகையால் நண்பகலில் அதனால் தீங்கில்லை. கடலுப்பிலே சமையலுப்பு மாத்திரமன்றி மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கின்றது. அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிப்பதில் வல்லது. மன்னாரின் உப்பளங்களை அறிந்தவர்க்கு, திறந்து வைத்த உப்பு விடியலிற் கசிந்து நிற்பது புதிதன்று. பீங்கான் மேலுள்ள உப்பும் அவ்வாறே கசிகின்றது. ஈர உப்பு மின்னுக்கு நல்ல பாதை. கொயில் எழுப்பும் அழுத்தம் பிளக்கின் முனையை எட்டுமுன் பீங்கானின் புறத்தே வழிந்து எஞ்சினின் உடலுக்குள் இறங்கிவிடுகின்றது. இருளிலே எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தால், கம்பிகளின் மேல் மெல்லிய நீல ஒளி ஊர்வதையும் சில வேளைகளிற் காணலாம். வெயில் ஏறியதும் உப்பு உலர்கின்றது, ஓட்டை அடைபடுகின்றது, கார் ஓடுகின்றது.

விடியற்காலையில் ஸ்ராட்டரும் இவ்விடருக்குத் துணைபோகின்றது. குளிர்ந்த எண்ணெய் தடித்திருப்பதால் எஞ்சினைச் சுழற்ற மிகுந்த மின் வேண்டும். அப்போது பற்றறியின் அழுத்தம் 12 இலிருந்து 9 அளவுக்கும் இறங்கும். கொயிலுக்கு அந்த ஒன்பதே கிடைக்கின்றது. வருவாய் குறைந்த வேளையிற்றான் கசிவும் மிகுகின்றது. ஆகவே ஸ்ராட்டரை விடாது சுழற்றிக்கொண்டிருப்பது பயனற்றது. பற்றறியை வெறுமையாக்குவதொன்றே அதன் விளைவு. சாவியை மூடி, உலர்ந்த துணியால் நான்கு பிளக்கின் பீங்கானையும், டிஸ்ரிபியூட்டர் மூடியின் உள்ளும் புறமும், கொயிலின் கழுத்தையும் அழுந்தத் துடைத்தல் வேண்டும். வாரத்துக்கொரு முறை நன்னீரிலே நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைப் போக்கி, பின்பு உலர்த்தித் துடைப்போர் காரை விடியலிற் பெரும்பாலும் தள்ளவேண்டியிருப்பதில்லை.

கசிவு வெளியிலிருந்து மட்டுமே வருவதன்று. 1990 இற் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் வன்னிப் பெருநிலத்துக்கும் எரிபொருள் செல்வது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலமும் அவ்வாண்டிலே தகர்க்கப்பட்டது. புதிய பாலம் திறக்கப்பட்டது 2010 மார்ச்சிலேதான். பெற்றோல் கிடையாத அக்காலத்தில், வடபுலத்துச் சாரதிமார் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயிலே ஓட்டினர். இஃது எவ்வாறு இயன்றது? மண்ணெண்ணெய் குளிரிலே ஆவியாகாது. ஆனால் எஞ்சின் சூடேறிவிட்டால் ஓரளவு ஆவியாகும். ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரிலே விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பெற்றோல் மருந்தைப் போலத் துளிக்கணக்கில் அளக்கப்பட்டது.

மண்ணெண்ணெய் முற்றாக எரியாமையால் பிளக்கின் உட்புறத்திலே கரி படிந்தது. கரியும் மின்னைக் கடத்துவதே. விடியலில் உப்பு வெளியே செய்ததை, கரி உள்ளே செய்தது. இதற்கு வெயிலும் மருந்தன்று. துளிப் பெற்றோலில் எஞ்சின் கிளம்பாவிடில் அத்துளிகளும் வீண். எனவே ஓட்டத்துக்கு முன்னர் பிளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, சூடாக்கி, மீளப் பூட்டுவது சாரதியின் அன்றாட வேலையாயிற்று. நோயாளரை ஏற்றிச் சென்ற எத்தனையோ பயணங்கள் இவ்வாறு சுரண்டப்பட்ட பிளக்குகளினால் நிறைவேறின. அக்காலத்துச் சாரதிமாரிற் பலர் ஓமின் விதியைப் படித்தவர் அல்லர். ஆயினும் பொறி எங்கே கசிகின்றது என்பதை விரல்நுனியில் அறிந்திருந்தனர்.

பழைய ஆங்கிலக் கார்களிலே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 1960களின் நடுப்பகுதிவரை வந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்களிற் பெரும்பாலானவற்றில் பற்றறியின் நேர்முனையே காரின் உடலோடு தொடுக்கப்பட்டிருந்தது. பிற்காலத்திலே புதிய வானொலியோ வேறு கருவியோ பூட்டும்போது, பற்றறியைத் திருப்பி எதிர்முனையை உடலோடு தொடுப்பர். அப்போது கொயிலின் இரு சிறு கம்பிகளையும் இடம்மாற்ற மறந்துவிடுவர். கார் ஓடும், ஆயினும் பிளக்கிலே மின் எதிர்த்திசையிற் பாயும். பிளக்கின் நடுமுனை மிகுந்த சூடுடையது; சூடான முனையிலிருந்து எதிர்மின் எளிதிற் புறப்படும். திசை மாறினால் குளிர்ந்த முனையிலிருந்து அது புறப்பட வேண்டியிருப்பதால் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். நல்ல நாளில் இவ்வேறுபாடு தெரியாது. ஈரமான விடியலில் அதுவே காரை நிறுத்திவிடும்.

வானொலி நேயர்களுக்குக் கொயிலோடு இன்னோர் உறவும் உண்டு. பழைய காரோ மோட்டார் சைக்கிளோ வீட்டு வாயிலைக் கடந்தபோது, பெட்டியிலே ‘டிக் டிக்’ என்னும் ஒலி விரைந்து எழுந்து தேய்ந்ததை மூத்தோர் பலர் கேட்டிருப்பர். ஒவ்வொரு பொறியும் வானொலி அலையை எழுப்புகின்றது. 1887 இலே ஹேட்ஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர் உலகில் முதன்முறையாக வானொலி அலையை எழுப்பிக் காட்டியபோது, அவர் கையாண்டதும் தூண்டற் சுருளின் பொறியே. பின்வந்த கார்களில் பிளக்குக்குச் செல்லும் கம்பியிலே தடை சேர்க்கப்பட்டதால் அவ்வொலி அடங்கிவிட்டது.

பொயின்ற் இன்றைய கார்களில் இல்லை. அதன் இடத்திலே திரான்சிஸ்ரர் நின்று மின்னோட்டத்தை வெட்டுகின்றது. தேயாது, கருகாது. பிளக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கொயில் வைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. எனினும் வெட்டும் கணமே பொறியின் கணம் என்பது மாறவில்லை.

பேசாலைக் கரையிலும் தலைமன்னார்க் கரையிலும் படகுகளின் பின்னாற் பூட்டப்படும் வெளியிணைப்பு எஞ்சின்கள் பலவற்றிலே வேறொரு முறை கையாளப்படுகின்றது. அவற்றுக்குப் பற்றறி வேண்டுவதில்லை. கயிற்றை இழுத்ததும் பறக்கும் சில்லிலுள்ள காந்தம் சுழன்று மின்னை உண்டாக்குகின்றது. அம்மின் ஒரு கண்டென்சரிலே சில நூறு வோல்ற் அளவுக்குச் சேர்க்கப்பட்டு, உரிய கணத்திற் கொயிலுக்குள் ஒரேயடியாகக் கொட்டப்படுகின்றது. காரிலே நிறுத்துவதாற் பிறப்பது, இங்கே கொட்டுவதாற் பிறக்கின்றது. இந்தப் பொறியின் அழுத்தம் மிக விரைவாக ஏறுவதால், பட்டையில் ஓட்டை இருந்தாலும் நீர் ஒழுகுமுன் மேலே வந்துவிடுகின்றது. மண்ணெண்ணெயில் ஓடும் படகு எஞ்சின்களுக்கு, கரி படிந்த பிளக்கிலும் பொறி பாய்வது பெரும் உதவி.

ஆயினும் கடல்நீர் தெறித்து, பிளக்கின் றப்பர் மூடிக்குள் உப்புப் படிந்துவிட்டால் இம்முறையும் தோற்றுவிடும். கரை தெரியாத இடத்திலே அது தோற்பது காரைத் தள்ளுவது போன்றதன்று. ஆதலால் தொழில் முடிந்து கரையேறியதும், எஞ்சினை நன்னீராற் கழுவி, றப்பர் மூடியைக் கழற்றி, அதன் உட்புறத்தையும் பீங்கானையும் உலர்ந்த துணியால் துடைத்து, சிறிது கிறீஸ் பூசி மீள அழுத்தி வைப்பதை மீனவர் வலையை உலர்த்தும் வேலையோடு சேர்த்தே செய்துவிடுகின்றனர்.